உடைத்த கவர்

என் சித்தி முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ஐரோப்பியப் படம் ஒன்றே ஒன்றுதான். 70 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பது ஒரு காரணம். படத்தின் பெயர் இன்னொரு காரணம்: 'தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்'. 1990இல் வந்த ஃபின்லாந்துப் படம். இயக்கம் அகி கௌரிஸ்மாக்கி. நான் மடிக்கணினியைத் திறந்துகொண்டே பெயரைச் சொன்னதும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கோவில்பட்டிப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். சித்தி பதினான்கு வயதில் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள்; கல்யாணம் ஆகும்வரை போனாள். முதலில் கட்டை அடுக்கினாள். பள்ளம் போட்ட கட்டைகளில் குச்சிகளை வரிசையாக அடுக்கிச் சட்டத்தில் இறுக்கிக் கொடுக்கிற வேலை அது. அதற்கப்புறம்தான் மருந்தில் முக்குவார்கள். பிறகு சில வருடம் பெட்டி அடைத்தாள். அதனால் படம் ஆரம்பித்ததும் அவள் கதையைத் தேடவில்லை, வேலையைத்தான் பார்த்தாள்.

ஒரு அடிமரத்துண்டு இயந்திரத்துக்குள் போகிறது. பட்டை உரிகிறது, தாள்போல விரிகிறது, குச்சியாகிறது, தலையில் மருந்து ஏறுகிறது, பெட்டிக்குள் போய் விழுகிறது. சில நிமிடங்களுக்கு மனித முகமே கிடையாது. "ஆளு எங்கடா?" என்றாள் சித்தி. கடைசியில் ஒரு ஜோடிக் கை வருகிறது, ஓடுகிற பண்டல்களில் லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற கை. முகம் அதற்கும் பிறகு. வெளிறிய, சாயம் போன துணி மாதிரியான முகம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் காத்தி ஔத்தினென்.

பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு சின்னக் குழப்பம் எனக்கு இருந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'காட்டி' என்று எழுதத் தோன்றும். அழுது காட்டி, சிரித்துக் காட்டி, துடித்துக் காட்டி நடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எதையுமே காட்டாத இவருக்கு அந்தப் பெயரை வைப்பது பாவம். காத்தி என்றே இருக்கட்டும், ஃபின்னிஷ் உச்சரிப்புக்கும் அதுதான் பக்கம்.

படத்தில் அவர் ஈரிஸ். அம்மாவோடும் மாற்றான் தகப்பனோடும் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போய்விட்டு வந்து சமைத்துப் போடுவதும் அவள்தான். இருவரும் டிவியைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள். டிவியில் சீனாவின் தியானன்மென் சதுக்கத்தில் போராடியவர்களை ஒடுக்கப் பீரங்கி வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1989 ஜூன் மாதம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வீட்டுக்குள் அந்தச் செய்திக்கு ஒரு தலைகூடத் திரும்புவதில்லை. இரவில் ஈரிஸ் நடன அரங்குக்குப் போகிறாள். சுவரோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியாக யாராவது வந்து ஆடக் கூட்டிப்போகிறார்கள். கடைசியில் வரிசையில் மிஞ்சுவது அவள் மட்டும். மேடையில் ஒருவர் கடலுக்கு அப்பாலிருக்கும் இன்பமான ஒரு நாட்டைப் பற்றி டாங்கோ பாடிக்கொண்டிருக்கிறார்.

சம்பள நாள். கவரை வாங்கிக்கொண்டு வருகிற வழியில் கடைக் கண்ணாடிக்குள் ஒரு கவுன் தெரிகிறது. வாங்கிவிடுகிறாள். வீட்டுக்குப் போனதும் மாற்றான் தகப்பன் கன்னத்தில் ஒன்று வைத்து, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்கிறான். கொண்டுபோய்த் திருப்பிக் கொடு என்கிறாள் அம்மா.

இந்த இடத்தில் சித்தி ஒன்று சொன்னாள்: "கவரை ஒடைச்சுட்டா. ஒடைச்ச கவரைக் கொண்டுபோனா அடி விழத்தான செய்யும்?"

அதற்கு முன்னால் நான் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தேன். முதல் தடவை, சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே. கௌரிஸ்மாக்கியின் சட்டகம், பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் பாதிப்பு, மௌனத்தின் அழகியல் என்று ஏதேதோ குறிப்பெடுத்திருக்கிறேன். அந்த அடி எதற்கு விழுந்தது என்று கேட்டிருந்தால், கவுனுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன். சித்திக்குக் கவுன் ஒரு பொருட்டே இல்லை. வேலைக்குப் போகிற பெண்பிள்ளை சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுக்க வேண்டும். பிரித்தாள் என்றால் அந்தப் பணம் தன்னுடையது என்று ஒரு நிமிடமாவது நினைத்துவிட்டாள் என்று அர்த்தம். சித்தி தன் காக்கிக் கவரை எத்தனை வருடம் ஆச்சியிடம் அப்படியே கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு ஔத்தினென் நடித்த படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, காசு கைமாறுகிற இடங்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்த முகத்துக்குள் நுழைய எனக்குக் கிடைத்த நல்ல வாசல் அதுதான்.

ஈரிஸிடமே மறுபடி வருவோம். கவுனை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறாள். ஒருவன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். விடிந்ததும் அவள் தூங்கிக்கொண்டிருக்கையில் ஒரு பெரிய நோட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அவளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, தன் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டு வருகிறாள். பிறகு கர்ப்பம். அவள் எழுதுகிற கடிதத்துக்குப் பதிலாக ஒரு காசோலையும், குழந்தையைக் கலைத்துவிடு என்று ஒற்றை வரியும் வருகின்றன. கவர், நோட்டு, காசோலை. மூன்று முறை பணம் அவளைத் தொடுகிறது. மூன்று முறையும் அவளுடைய விலை என்ன என்று இன்னொருவர் முடிவுசெய்திருக்கிறார்.

அந்த வரியைப் படிக்கும்போது ஔத்தினென் என்ன செய்கிறார்? எழுதிக் காட்டுவது சிரமம். உதடு நடுங்கவில்லை, கண் நிறையவில்லை. தாளைப் பார்க்கிறார், அப்புறம் தாளைப் பார்ப்பதை நிறுத்துகிறார். அவ்வளவுதான். பத்து வருடம் ஒரே பெல்ட் முன்னால் நின்று லேபிள் பார்த்த ஒருத்தி, கோணலாக ஒட்டிய ஒரு லேபிளைப் பார்ப்பது போலத்தான் அதையும் பார்க்கிறாள். வேலை அவள் முகத்துக்குள் போய்விட்டது. உணர்ச்சியில்லாத நடிப்பு என்று இவரைப் பற்றிச் சொல்கிறவர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் சண்டை. உணர்ச்சி இருக்கிறது, அதை வெளியே எடுத்து வைப்பதற்கு அந்தப் பெண்ணின் நாளில் நேரம்தான் இல்லை.

அவள் தன் கையால் காசு கொடுத்து வாங்கியவற்றில் எனக்கு நினைவில் நிற்பவை இரண்டு. ஒன்று அந்தக் கவுன். இன்னொன்று எலிமருந்து. கடையில் கேட்கிறாள்: இது என்ன செய்யும்? கொல்லும் என்கிறாள் கடைக்காரப் பெண். நல்லது என்கிறாள் ஈரிஸ். சித்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பின் மருந்து கலந்த புட்டியோடு ஈரிஸ் கிளம்புகிறாள். கைவிட்டவன், அம்மா, மாற்றான் தகப்பன், இவர்களுக்கு நடுவில் மதுக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கப் பார்த்த யாரோ ஒருவன். "அவன் என்னடா பண்ணான், பாவம்?" என்றாள் சித்தி. என்னிடம் பதில் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஆளின் தம்ளரில் ஈரிஸ் ஊற்றுகிற நிதானம்தான் படத்திலேயே பயமூட்டுவது. சமையலில் உப்புப் போடுகிற நிதானம் அது.

சரி, இந்த முகம் எங்கிருந்து வந்தது? ஔத்தினென் 1961இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். 1980இல், பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போக முடியாத பிள்ளைகளைப் பற்றிய ஒரு படத்தில் முரட்டுப் பெண்ணாக வந்து ஊருக்குத் தெரிந்தவரானார். ஹெல்சிங்கி நாடகக் கல்லூரியில் படித்தார். அங்கே அப்போது நாடக இயக்குநர் யௌகோ துர்க்காவின் காலம். வியர்க்க வேண்டும், கத்த வேண்டும், உடம்பு மொத்தமும் மேடையில் புரள வேண்டும் என்கிற பள்ளி அவருடையது. அங்கிருந்து வந்த ஒருவர் அசையாமல் நிற்பதற்குப் பெயர் வாங்கினார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் முரண் ஒன்றும் இல்லை. கத்தத் தெரிந்தவர் கத்தாமல் இருப்பதற்கும், கத்தவே தெரியாதவர் சும்மா இருப்பதற்கும் வித்தியாசம் திரையில் தெரிந்துவிடும். பின்னாளில் அதே கல்லூரியில் நடிப்புப் பேராசிரியராகவும் இருந்தார். மாணவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருப்பார், எதைச் செய்யாதே என்றிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

கௌரிஸ்மாக்கியோடு முதல் படம் 1986இல் வந்த 'சொர்க்கத்தின் நிழல்கள்'. இலோனா என்ற சூப்பர் மார்க்கெட் கல்லாப்பெண். குப்பை லாரி ஓட்டுகிற நிகாந்தர் அவளுடைய வரிசையில் வந்து நிற்கிறான், கையில் காயம், ரத்தம். அவள் கட்டுப்போட்டு விடுகிறாள். முதல் சந்திப்புக்கு அவளை அவன் பிங்கோ விளையாடும் இடத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே ஔத்தினென் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். தப்பான பேருந்தில் ஏறிவிட்டோம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று இருக்கிறவரைப் போல ஒரு உட்காரல்.

கல்லாவில் இருக்கிறவளுக்கு நாள் முழுக்கப் பணம் கை வழியாகப் போகும், ஒரு காசு அவளுடையது இல்லை. இலோனாவை வேலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கிளம்பும்போது கடையின் பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். பழிவாங்கும் வெறி எதுவும் முகத்தில் கிடையாது. குடையை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொள்கிறாள். சினிமாவில் திருடுகிறவர்கள் ஒன்று பயப்படுவார்கள், இல்லை குதூகலப்படுவார்கள். இலோனா இரண்டும் இல்லை. எடுத்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாதவளாக நிற்கிறாள். கடைசியில் நிகாந்தர்தான் பெட்டியைக் கடையில் சேர்க்கிறான். நிகாந்தராக நடித்த மத்தி பெல்லோன்பாவை இங்கே சொல்லியாக வேண்டும். தொங்கு மீசை, ஈரமான கண், உலகத்துக்கே கடன்பட்டவர் போன்ற நடை. இவர்கள் இருவரும் ஒரு சட்டகத்தில் நின்றால், யார் முதலில் பேசுவார்கள் என்பதே ஒரு திகில் கதை.

1987இல் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை ஒரு கம்பெனி முதலாளி குடும்பத்துக் கதையாக்கி, ரப்பர் வாத்துத் தொழிலுக்கான சண்டையாக எடுத்தார் கௌரிஸ்மாக்கி. ஔத்தினென் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா. எனக்கு அந்தப் படம் ஒட்டவில்லை. அவருக்கும் அதில் பெரிய வேலை இல்லை. 1994இல் 'தாத்தியானா, உன் கழுத்துத் துணியைப் பார்த்துக்கொள்'. ஒரு மணி நேரத்துச் சின்னப் படம். காப்பி குடித்துக்கொண்டே இருக்கும் ஒருவன், வோட்கா குடித்துக்கொண்டே இருக்கும் ஒருவன் என்று இரண்டு ஃபின்லாந்து ஆண்கள் காரில் போகிறார்கள். ஒரு எஸ்டோனியப் பெண்ணும் ஒரு ரஷ்யப் பெண்ணும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். ஆண்கள் வாயையே திறப்பதில்லை. எஸ்டோனியப் பெண்ணாக வரும் ஔத்தினென், பேசாத பெல்லோன்பாவின் தோளில் ஒரு கட்டத்தில் தலையைச் சாய்க்கிறார். காதல் காட்சி அவ்வளவே. நான் பார்த்த நூற்றுக்கணக்கான டூயட்டுகளில் இல்லாத ஒரு படபடப்பு அந்தச் சாய்தலில் இருக்கிறது.

அடுத்தது 1996இல் வந்த 'மிதந்து செல்லும் மேகங்கள்'. அவர் நடித்ததில் எது உனக்குப் பிடித்தது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

இந்தப் படம் பெல்லோன்பாவுக்காகத் திட்டமிடப்பட்டது. 1995 ஜூலையில், 44 வயதில், அவர் இறந்துபோனார். உணவகத்தின் தலைமைப் பரிசாரகர் பாத்திரம் பெண்ணாக மாறி ஔத்தினெனிடம் வந்தது. படத்தில் இலோனா (இவளுக்கும் அதே பெயர்தான்) ஒரு குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சி உண்டு. இறந்துபோன பிள்ளை என்று புரிந்துகொள்கிறோம். அந்தப் படத்தில் இருப்பது சின்ன வயது பெல்லோன்பா. இது தெரிந்தபின் அந்தக் காட்சியில் பாத்திரம் எது, நடிகை எது என்று என்னால் பிரிக்க முடிவதில்லை. அவர் முகமும் பிரித்துக் காட்டுவதில்லை.

கதை நடக்கிற காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990இல் ஃபின்லாந்தில் வேலையில்லாதவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்றுமேல். 1994இல் ஏறத்தாழ 17 சதவீதம். வங்கிகள் தாறுமாறாகக் கடன் கொடுத்து நொடித்தன. பக்கத்தில் சோவியத் யூனியன் உடைந்து, அதோடு இருந்த பெரிய வியாபாரமும் போயிற்று. இலோனாவின் கணவன் லௌரி டிராம் ஓட்டுநர். எந்த வழித்தடத்தில் யாரைக் குறைப்பது என்று நிர்வாகம் சீட்டுக்கட்டை விரித்து எடுக்கச் சொல்கிறது. லௌரிக்குச் சின்னச் சீட்டு விழுகிறது. அதற்குச் சற்று முன்னால்தான் தவணையில் ஒரு கலர் டிவியை வாங்கி வந்து மனைவியை அசத்தியிருக்கிறான். இலோனா வேலை பார்க்கும் டுப்ரோவ்னிக் உணவகத்தையும் ஒரு பெரிய சங்கிலி நிறுவனம் வாங்கிவிடுகிறது.

தொடக்கத்தில் இலோனாவின் அதிகாரத்தைக் காட்ட ஒரு காட்சி வருகிறது. குடித்துவிட்ட சமையல்காரன் சமையலறையில் கத்தியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். வாசல்காப்பாளனுக்குக் கையில் வெட்டு. இலோனா விறுவிறுவென்று சட்டகத்தைவிட்டு வெளியே நடந்துபோகிறாள். 'பளார்' என்று ஒரு சத்தம் மட்டும். திரும்பி வருகிறாள், விவகாரம் முடிந்தது. (அந்தச் சமையல்காரர் மார்க்கு பெல்டோலா. ஆறு வருடம் கழித்து இதே இருவரும் காதலர்களாக வருவார்கள்.)

அப்படிப்பட்டவள் வேலை தேடி ஏறி இறங்குகிறாள். 38 வயது, அதிகம் என்கிறார்கள். ஒரு ஏஜென்சிக்குக் காசு கட்டி, கடைசியில் ஒரு அழுக்கு மதுக்கடையில் வேலை கிடைக்கிறது. அங்கே அவளைத் தவிர ஆள் கிடையாது. வாடிக்கையாளர் கேட்பதை எழுதிக்கொள்கிறாள், சமையலறை ஜன்னல் வழியே உள்ளே இல்லாத சமையல்காரருக்கு உரக்கச் சொல்கிறாள், பிறகு தானே உள்ளே போய்ச் சமைத்து, வெளியே வந்து பரிமாறுகிறாள். சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே இருக்கும்போது இன்னொன்றும் தெரியும். கடையை ஏமாற்றவோ வாடிக்கையாளரை ஏமாற்றவோ அவள் அப்படிக் குரல் கொடுக்கவில்லை. உணவகம் என்றால் அப்படித்தான் நடக்கும், அப்படித்தான் நடத்தத் தெரியும் அவளுக்கு. கடை முதலாளி வரி ஏய்ப்பவன். சம்பளம் கொடுக்காமல் மறைகிறான். கேட்கப் போன லௌரி அடிவாங்கிக்கொண்டு, காயம் ஆறும்வரை வீட்டுக்கே வராமல் இருக்கிறான். காரை விற்ற பணம் சூதாட்ட மேசையில் போகிறது. டிவி, தவணைக்காரர்களோடு போகிறது. வங்கி கைவிரிக்கிறது.

இத்தனைக்கும் ஔத்தினெனின் முதுகு வளையவில்லை. நான் முகம் முகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தப் படத்தில் பார்க்க வேண்டியது முதுகு. இருபது வருடம் மேசைகளுக்கு நடுவே தட்டோடு நடந்த முதுகு அது. பழைய முதலாளியம்மா கைமாற்றுக் கொடுத்து, சொந்தமாக ஓர் உணவகம் திறக்கிறார்கள். பெயர் 'வேலை'. திறந்த முதல் நாள் நண்பகல்வரை ஈ காக்கை இல்லை. வாசலைப் பார்த்தபடி நிற்கிற இலோனாவின் முகத்தில் அப்போதும் கல்லாப்பெண் இலோனாவின் அதே வெறுமை. ஆனால் இந்த முறை கல்லா அவளுடையது. மெல்ல ஒருவர், இருவர் என்று மேசைகள் நிரம்புகின்றன. அப்புறம் தொலைபேசி அடிக்கிறது. ஹெல்சிங்கித் தொழிலாளர் மல்யுத்தச் சங்கம், மாலை முப்பது பேருக்கு மேசை வேண்டுமாம். எடுத்து எழுதிக்கொள்கிற அந்தக் குரலில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று நான் காது கொடுத்துப் பலமுறை கேட்டிருக்கிறேன். இருக்கிறது, ஒரு இழை.

1999இல் 'யூஹா', ஒரு பழைய ஃபின்னிஷ் நாவலை மௌனப் படமாக, கறுப்பு வெள்ளையில் எடுத்தது. முட்டைக்கோஸ் விளைவித்து விற்கிற ஒரு விவசாயியின் மனைவி மார்யா. நகரத்திலிருந்து காரில் வந்தவன் பேச்சை நம்பிப் போய், விலைபோகிறாள். குரலே இல்லாத படத்தில் ஔத்தினென் வழக்கத்தைவிட அதிகமாக நடிக்கிறார், கண்ணை அகல விரிக்கிறார், முதன்முதலாக உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கண்ணாடி பார்க்கிறார். சிலருக்கு இது பிடிக்கும். எனக்கு, எப்போதும் வேட்டி கட்டுகிற மாமாவைக் கோட்டு சூட்டில் பார்த்ததுபோல இருந்தது.

2002. 'கடந்த காலம் இல்லாத மனிதன்'. கான் திரைப்பட விழாவில் இயக்குநர் டேவிட் லிஞ்ச் தலைமையிலான நடுவர் குழு இந்தப் படத்துக்கு இரண்டாவது பெரிய விருதையும், ஔத்தினெனுக்குச் சிறந்த நடிகை விருதையும் கொடுத்தது. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. விருது கிடைத்தது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இர்மா பாத்திரம் அளவில் சின்னது. ஈரிஸுக்கும் இரண்டு இலோனாக்களுக்கும் சேர வேண்டியதை, கொஞ்சம் தாமதமாக இர்மாவின் கையில் கொடுத்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பழைய நிலுவைத்தொகை மாதிரி.

இர்மா, ரட்சணிய சேனை என்கிற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவள். ஹெல்சிங்கித் துறைமுகத்தில் கன்டெய்னர்களில் குடியிருக்கும் ஏழைகளுக்குச் சூப் ஊற்றிக் கொடுக்கிறவள். அடிபட்டு நினைவிழந்த ஒருவன் தட்டை நீட்டுகிறான். அவர்தான் மார்க்கு பெல்டோலா. சீருடைக்குள் இறுக்கமாக இருக்கிற இர்மா, இரவில் விடுதி அறைக்குப் போய்ப் படுக்கையில் தனியாக ராக் அண்ட் ரோல் கேட்கிறாள். கண்ணில் ஏதோ தூசி என்று சொல்லிவிட்டு அவன் கன்னத்தில் முத்தமிடும்போது, அவள் கோபப்பட ஒரு முயற்சி செய்கிறாள். முயற்சிதான். கோபம் வர வேண்டிய இடத்துக்கு வெட்கம் முந்திக்கொண்டு வந்துவிட்டதை அவள் நம்மிடமிருந்து மறைக்கப் பார்க்கிறாள்.

இந்தப் படத்தில் பணம் கொடுக்கிற வேலை இர்மாவுக்கு இல்லை. அவள் கொடுப்பது சூப், பழைய உடுப்பு, ஒரு வேலை. ஆனால் கவர் இதிலும் வருகிறது. நொடித்துப்போன ஒரு சிறு முதலாளி, முடக்கப்பட்ட தன் கணக்கிலிருந்த பணத்தை வங்கியில் துப்பாக்கி காட்டி எடுக்கிறார். எதற்கு? தன் பழைய தொழிலாளிகளுக்குப் பாக்கி வைத்த சம்பளத்தைக் கொடுப்பதற்கு. கவர்களைக் கதாநாயகனிடம் கொடுத்து, சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறார். சித்திக்கு நான் காட்ட நினைத்த அடுத்த காட்சி அதுதான்.

2006இல் 'அந்தியின் விளக்குகள்'. அதில் ஔத்தினென் கண்ணிமைக்கிற நேரம்தான் வருகிறார். சூப்பர் மார்க்கெட் கல்லாவில்! முதல் இலோனா பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இருபது வருடம் ஆகியிருந்தது. திரையரங்கில் பார்த்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். வீட்டில் என்பதால் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தேன். 2023இல் கௌரிஸ்மாக்கி மறுபடி ஒரு சூப்பர் மார்க்கெட் பெண்ணின் கதையை எடுத்தார். காலாவதியான உணவை எடுத்ததற்காக வேலை பறிபோகிறது அவளுக்கு. நடித்தவர் அல்மா பொய்ஸ்தி. நன்றாகவே நடித்திருக்கிறார். நான்தான், வேறு யாரோ வரப்போகிறார்கள் என்று கடைசிவரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'லெ ஹாவ்ர்' 2011இல் வந்தது. பிரெஞ்சுத் துறைமுகம், பிரெஞ்சு மொழி. மார்செல் தெருவில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போடுகிற கிழவர். அவர் மனைவி அர்லெத்தி. ஔத்தினெனின் பிரெஞ்சில் வேற்றூர் வாடை அடிக்கிறது; அதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. அர்லெத்திக்கு உள்ளே புற்று. கணவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறாள். அதிசயங்கள் நடப்பதுண்டு என்கிறார் மருத்துவர். எங்கள் தெருவில் நடந்ததில்லை என்கிறாள் அவள்.

படத்தின் ஆரம்பத்தில் மார்செல் வீட்டுக்கு வந்து அன்றைய சம்பாத்தியத்தை அவளிடம் கொடுக்கிறார். சில்லறைதான். அவள் அதை ஒரு தகர டப்பாவில் போடுகிறாள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அவரிடமே நீட்டி, சாப்பாடு ஆவதற்குள் போய் ஒரு வாய் குடித்துவிட்டு வாருங்கள் என்கிறாள். அந்த நீட்டலில் கருணை, பெருந்தன்மை என்று பெயர் வைக்கும்படி எதுவும் கிடையாது. தினமும் செய்வது, இன்றைக்கும் செய்கிறாள். ஈரிஸுக்கு இப்படி ஒரு வீடு கிடைத்திருந்தால் என்று எனக்கு ஓடியது. அந்தக் கணக்கில் பார்த்தால் அர்லெத்திக்கும் ஈரிஸுக்கும் வயது சரியாக வருகிறது, நடுவில் 21 வருடம்.

இந்தப் படத்தைச் சித்திக்குக் காட்ட முடியவில்லை. அவள் இப்போது மகள் வீட்டில், வேறு ஊரில் இருக்கிறாள். போனில் கதை சொன்னேன். தெருவில் அதிசயம் நடக்காது என்கிற வசனத்தைச் சொன்னபோது "ஆமா" என்று மட்டும் சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக. டப்பாவைப் பற்றிச் சொன்னதும்தான் குரலில் அக்கறை வந்தது.

"அந்த டப்பாவுக்குப் பூட்டு இருக்கா?"

"பாக்கலையே சித்தி."

"பாத்துச் சொல்லு."